பத்மநாபபுரம் அரண்மனையின் அறைகளை நேரில் பார்த்து வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் அரசர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று அது அருங்காட்சியகம். பழைய கட்டடத்தின் உட்புறத்தை நேரில் உட்கார்ந்து வரையப் பழக, தென்னிந்தியாவில் இதற்கு இணையான இடம் வேறில்லை என்பது என் எண்ணம். ஓரளவு பென்சில் பிடித்துப் பழகியவர்கள் இங்கே வரையப் போகும்போது கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

அரண்மனை பெரியது. ஒரே நாளில் எத்தனை அறைகளை வரைந்துவிடலாம்?

ஒன்று. அந்த ஒன்றை உருப்படியாக வரைந்து, நேரம் மிஞ்சினால் இன்னொன்றுக்குச் சின்னக் குறிப்புப் படம் எடுத்துக்கொள்ளலாம். எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்து அறைக்கு ஐந்து நிமிடம் கிறுக்கிக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எல்லாப் பக்கங்களிலும் ஒரே தூணும் ஒரே கதவும்தான் இருக்கும். முதல் முறை போகும்போது நோட்டைத் திறக்காமல் முழுச் சுற்றும் போய்வாருங்கள். எந்த அறையில் உங்கள் கால் தானாக நின்றதோ அங்கே திரும்பிப் போங்கள். பார்வையாளர்களைப் பொதுவாக ஒரே திசையில்தான் விடுவார்கள் என்பதால், திரும்பி வர வேண்டியிருக்கும் என்பதை ஊழியர்களிடம் முன்னாலேயே சொல்லி வைப்பது நல்லது.

நேரம், அனுமதி பற்றிச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை விடுமுறை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூடி மறுபடி திறப்பார்கள். ஆகவே காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விட வேண்டும். 1956-ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. பெரிய போர்டு, மடக்கு ஸ்டூல், குழுவாக வரைவது என்றெல்லாம் திட்டம் இருந்தால் போகுமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மடியில் வைக்கும் நோட்டு, பென்சில் என்றாலும் டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. செருப்பை வெளியே விட வேண்டும். தூணிலோ சுவரிலோ சாயக் கூடாது. வழியை மறிக்கக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்கள் தக்கலை வழியாகத்தான் போகின்றன. அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

எச்பி, 2பி, 6பி பென்சில்கள், பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர், கெட்டி அட்டை போட்ட நோட்டு. இங்கே, மையும் வண்ணமும் வேண்டாம். எந்த அருங்காட்சியகத்திலும் சிந்தக்கூடிய எதையும் உள்ளே கொண்டுபோகாமல் இருப்பதுதான் முறை. தூளாக உதிரும் சார்கோலும் அப்படியே.

ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: பழுப்பு அல்லது சாம்பல் நிறத் தாள், கூடவே ஒரு வெள்ளைப் பென்சில். பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரே பழகுவதற்குப் போதும். இந்த அரண்மனையின் அறைகள் அரையிருட்டானவை. வெள்ளைத் தாளில் அவற்றை வரைந்தால் பாதி நேரம் வெறும் இருட்டை நிரப்புவதிலேயே போய்விடும். நடுத்தர நிறமுள்ள தாளில் அந்த அரையிருட்டு ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் ஆழ்ந்த கறுப்பையும் சன்னல் வெளிச்சத்தையும் மட்டும் சேர்த்தால் போதும்.

நின்றுகொண்டு வரைவதா, உட்கார்ந்து வரைவதா?

உட்கார்ந்து. அதுவும் ஸ்டூலில் அல்ல, தரையில். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

இந்த அறைகள் தரையில் உட்கார்ந்து வாழ்ந்தவர்களுக்காகக் கட்டப்பட்டவை. மேல்மாடியில் உள்ள மந்திரசாலையில், அரசர் அமைச்சர்களோடு கூடிப் பேசிய அறையில், நின்றுகொண்டு பாருங்கள். கூரை தலையை இடிப்பதுபோல் தோன்றும். மர அழிகள் போட்ட சன்னல்கள் உங்கள் கண்ணுக்குக் கீழே போய்விடும். தரை வெறும் கறுப்பாகக் கிடக்கும். அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்காருங்கள். கண் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்துக்கு இறங்கிவிடும். கூரை உயர்ந்து விலகும். சன்னல் அழிகளின் இடைவெளி நேராகக் கண்ணுக்கு வரும். தரை பளபளக்கத் தொடங்கும்.

தரை பளபளப்பது பிரமை இல்லை. வழவழப்பான எந்தப் பரப்பையும் எவ்வளவு சாய்வாகப் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு அது வெளிச்சத்தைத் திருப்பித் தரும். நிற்கிறவர் தரையை மேலிருந்து பார்க்கிறார்; உட்கார்ந்தவர் தரையோடு தரையாகப் பார்க்கிறார். தாழ்ந்த சன்னல், சரிந்த அழி, கண்ணாடிபோல் மெருகேற்றிய தரை மூன்றும் ஒரே கண்ணுயரத்துக்காகச் செய்யப்பட்டவை என்று அங்கே உட்கார்ந்தால் தெரியும். நின்றபடி வரைந்த படத்தில் இந்த உறவு விடுபட்டுப் போகும். படம் சரியாகவே இருந்தாலும் அதில் தெரிவது சுற்றுலா வந்தவர் பார்த்த அறைதான்.

கண்மட்டக் கோட்டை, அதாவது உங்கள் கண்ணின் உயரத்தைக் காட்டும் படுக்கைக் கோட்டைத்தான், தாளில் முதலில் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். அந்த அறையை எந்த மனிதருடைய கண்ணால் பார்க்கிறீர்கள் என்பதை அந்த ஒரு கோடு முடிவு செய்துவிடுகிறது.

முழங்கால் மடக்க முடியாதவர்கள் தாழ்ந்த ஸ்டூலுக்கு அனுமதி கேட்கலாம்.

உள்ளே நுழைந்ததும் ஒன்றுமே தெரியவில்லையே?

வெயிலிலிருந்து உள்ளே வந்தால் அப்படித்தான் இருக்கும். முதல் ஐந்து நிமிடங்களில் கண் ஓரளவு பழகும். முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். அதுவரை பென்சிலைத் தொடாதீர்கள். அவசரப்பட்டு வரைந்தால் முதலில் போட்ட நிழல்கள் எல்லாம் மிகக் கறுப்பாகவும் பிறகு போட்டவை வெளிறியும் இருக்கும். ஒரே படத்துக்குள் இரண்டு அறைகள் வந்துவிடும். இடையில் போனைத் திறந்து பார்த்தாலும் பழகிய கண் கலைந்துவிடும்.

பழகிய பிறகு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அறையைப் பாருங்கள். சின்னச் சின்ன விஷயங்கள் மறைந்து மூன்று நான்கு பெரிய திட்டுகள்தான் மிஞ்சும்: சன்னலின் வெளிச்சம், தரையில் அதன் சாயல், சுவரின் இடைநிழல், மச்சின் ஆழ்ந்த இருட்டு. உள்ளங்கை அளவு கட்டம் போட்டு அந்தத் திட்டுகளை மட்டும் முதலில் வரையுங்கள். அந்தச் சிறுபடத்தில் அறை தெரியவில்லை என்றால் பெரிய படத்திலும் தெரியாது. தூண் எங்கே, நாற்காலி எங்கே என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கறுப்புத் தரையை எப்படி வரைவது?

பலரும் இதில்தான் திணறுகிறார்கள். சுண்ணாம்பு, மணல், எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிகளின் சாறு எல்லாம் சேர்த்துச் செய்த தரை என்று அங்கே சொல்வார்கள். எப்படிச் செய்தார்களோ, வரைகிறவருக்கு அது ஒரு கரிய நீர்ப்பரப்பு. நீரில் பிரதிபலிப்பு எப்படி விழுமோ அதே கணக்குதான் இங்கேயும்.

தரையில் நிற்கும் தூணுக்குக் கணக்கு எளிது: அதன் அடியிலிருந்து மேலே எவ்வளவு உயரமோ, அதே அளவு நேர் கீழே. சுவரில் உள்ள சன்னலுக்கு, சுவர் தரையைத் தொடும் கோட்டிலிருந்து சன்னலின் அடிவரை அளந்து, அதே அளவை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்க வேண்டும். தொங்கும் விளக்குக்கு அதற்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளியை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து அளக்க வேண்டும். தரைக்கு இணையாக விலகிச் செல்லும் கோடுகளின் பிம்பங்களும் மேலே அந்தக் கோடுகள் சேரும் அதே புள்ளிக்குத்தான் போகும். தனிப் புள்ளி தேட வேண்டாம்.

அடுத்தது அடர்த்தி. தரையில் தெரியும் சன்னல் ஒருபோதும் உண்மைச் சன்னல் அளவுக்கு வெளிச்சமாக இருக்காது. வெள்ளைத் தாளின் முழு வெண்மையைச் சன்னலுக்கு மட்டும் விட்டுவைத்து, தரையின் சாயலுக்கு ஒரு படி இறங்குங்கள். உங்கள் காலடிக்கு அருகே தரை மிகக் கறுப்பாகவும், தூரம் போகப் போகச் சாயல் கூடி வெளிறியும் இருக்கும். காரணம் மேலே சொன்னதுதான்: தூரத்துத் தரையை இன்னும் சாய்வாகப் பார்க்கிறீர்கள். இந்த ஒரு மாற்றத்தைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டால், கோடுகள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தரை தரையாகவே தட்டையாகத் தெரியும்.

6பி பென்சிலை அழுத்தி அழுத்தித் தேய்த்தால் ஒரு கட்டத்துக்கு மேல் கறுக்காது, மினுங்கும். அந்த ஆழ்ந்த இடங்களுக்குக் கார்பன் பென்சில் நல்லது, அது மினுங்காது.

சன்னல் அழிகளையும் மச்சில் உள்ள பூக்களையும் ஒன்று விடாமல் வரைய வேண்டுமா?

வேண்டாம். நுழைவு மண்டபமான பூமுகத்தின் மச்சில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள். அவற்றை எண்ணி வரைய ஆரம்பித்தால் அறை போய்விடும், பூக்கள் மட்டும் நிற்கும். உங்களுக்கு நேரே தெரியும் இரண்டு மூன்று பூக்களை நன்றாகப் பார்த்து இதழ் இதழாக வரையுங்கள். மற்றவை இருட்டுக்குள் கரையட்டும், கட்டங்களின் வரிசை மட்டும் தெரிந்தால் போதும். பார்க்கிறவருடைய கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

அழிகளுக்கு வேறு வழி. மரச்சட்டங்களை வரையாமல் அவற்றுக்கு இடையே வரும் வெளிச்சக் கீற்றுகளை வரையுங்கள். முதலில் சன்னல் முழுவதையும் ஒரே வெளிச்சத் திட்டாக விட்டு, பிறகு சட்டங்களைக் கறுப்பால் பிரியுங்கள். வெளிச்சம் மிகுந்த நடுப்பகுதியில் சட்டங்கள் மெலிந்து, சில இடங்களில் காணாமலே போகும். அப்படித் தெரிந்தால் அப்படியே வரையுங்கள். சட்டம் அங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்காகக் கோடு போட்டு இணைக்க வேண்டாம்.

செதுக்கல் மட்டுமே உங்களை இழுக்கிறது என்றால் ஏகாந்த மண்டபத்தின் பலாமரத் தூணுக்கு ஒரு தனி நாள் ஒதுக்குங்கள். அதற்கு அந்தத் தகுதி இருக்கிறது.

தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதை வரையும் பர்ஸ்பெக்டிவ் விதிகள் எனக்குத் தெரியாது. வரையலாமா?

தாராளமாக. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, உத்தரம் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, அந்தச் சாய்வை அப்படியே தாளுக்குக் கொண்டுவந்தால் விதி தானாக வரும். கை முழுதாக நீண்டிருக்க வேண்டும், ஒரு கண் மூடியிருக்க வேண்டும், தலை நகரக் கூடாது. தெரிந்துகொண்டால் உதவும் விஷயங்கள் இரண்டு.

நவராத்திரி மண்டபத்தில் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூரம் போகப் போக இடைவெளி எவ்வளவு குறைய வேண்டும் என்று குழம்புவார்கள். முதல் இரண்டு தூண்களைக் கண்ணால் பார்த்து வரைந்துவிடுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் சரிபாதிப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். அது தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூண் நிற்கும். இப்படியே தொடரலாம்.

மற்றது சாய்ந்த கூரை. அரண்மனையின் மிகப் பழைய பகுதியாகக் கருதப்படும் தாய்க்கொட்டாரம், நடுவில் முற்றம் வைத்த நாலுகெட்டு. நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில் உங்களைவிட்டு விலகிச் செல்லும் கைமரங்கள் (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரங்கள்) கண்மட்டக் கோட்டில் போய்ச் சேராது. ஏறிச் செல்பவை அதற்கு நேர் மேலே ஒரு புள்ளியிலும், இறங்கிச் செல்பவை நேர் கீழே ஒரு புள்ளியிலும் சேரும். எல்லாவற்றையும் கண்மட்டத்துக்கே இழுத்தால் கூரை தட்டையாகிவிடும். பர்ஸ்பெக்டிவ் படித்தவர்களிடம்தான் இந்தப் பிழையை அதிகம் பார்க்கிறேன். படிக்காதவர்கள் கண்ணை நம்பிச் சரியாக வரைந்துவிடுகிறார்கள்.

ஸ்கேலால் அளந்து வரைவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அளவுப் படம் கட்டடத்தைத் திரும்பக் கட்ட உதவும். நேரில் பார்த்து வரைவது ஓர் இடத்தில், ஒரு நேரத்தில், ஒரு கண்ணுக்கு அது எப்படி இருந்தது என்பதைப் பதிவு செய்யும். ஆனாலும் தச்சர்களின் அளவுமுறையைக் கொஞ்சம் அறிந்திருப்பது கண்ணுக்கு உதவும். கேரளத் தச்சில் ஒரு கோல் என்பது 24 விரல், ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். வேலையெல்லாம் இந்தக் கோலின் மடங்குகளிலும் பகுதிகளிலும் நடப்பதால் கதவின் அகலம், தூணின் உயரம், தூண்களின் இடைவெளி இவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கும். ஒரு தூணின் அகலத்தை அலகாக வைத்து, உயரத்தில் அது எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஒழுங்கு பிடிபடும்.

போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டில் வரைந்தால் என்ன?

இந்த அரண்மனையைப் பொறுத்தவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். போன் கேமரா இருட்டைத் தூக்கியும் வெளிச்சத்தை அடக்கியும் அறை முழுவதையும் ஒரே சீராகக் காட்டும். நீங்கள் வரைய வந்த விஷயமே அந்த ஏற்றத்தாழ்வுதான். அதை அது அழித்துவிடுகிறது. அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் ஓரத்தில் உள்ள தூண்களை இழுத்துப் பருமனாக்கும். சின்ன அறை நீண்ட கூடமாகத் தெரியும். நேரில் வரையும்போதும் தலையைத் திருப்பாமல் தெளிவாகத் தெரிவதை மட்டுமே ஒரு படத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

அனுமதி இருந்தால் ஒரு செதுக்கலின் நுணுக்கத்துக்கு நினைவுக்குறிப்பாகப் போட்டோ எடுக்கலாம். அறைக்கு வேண்டாம்.

டியூப் லைட், கயிறு, அறிவிப்புப் பலகை இவற்றை வரைவதா, விடுவதா?

விடலாம். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். ஆனால் இல்லாததைச் சேர்க்காதீர்கள். பூமுகத்தில் குதிரை விளக்கு தொங்குகிறது. சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலியில் அரசரை உட்காரவைத்து, விளக்கை ஏற்றி வைத்து வரைய ஆசை வரும். அந்த ஆசைக்கு வீட்டில் வேறொரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு ஏற்றினால் அறையின் நிழல்கள் எல்லாமே மாறும், அதை நீங்கள் பார்க்கவில்லை.

படத்தின் மூலையில் தேதி, நேரம், அறையின் பெயர், எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். இன்னொரு பருவத்தில் அதே இடத்தில் உட்கார்ந்து வரையும்போது இந்தக் குறிப்பு பயன்படும்.

வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கிறதே?

தொடங்கும்போது வெளிச்சத் திட்டுகளின் எல்லையை மெல்லிய கோட்டால் குறித்துவிட்டு, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். நகரும் வெளிச்சத்தைத் துரத்தினால் படம் முடியாது.

கூட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களும்?

பள்ளிச் சுற்றுலாக்கள் வரும் மாதங்களில் கூட்டம் அலைமோதும். மழைக்காலத்து வாரநாள் காலை நல்லது. நவராத்திரிக்கு முன் அரண்மனையின் சரஸ்வதி கோயிலான தேவாரக்கெட்டின் சரஸ்வதியையும் வேளிமலைக் குமாரசுவாமியையும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எடுத்துச் செல்வார்கள். உடைவாள் கைமாறும் சடங்கு அரண்மனையிலேயே நடக்கும். கட்டாயம் பார்க்க வேண்டியது, ஆனால் அன்று வரைய முடியாது.

ஒவ்வொரு பகுதியிலும் விளக்கம் சொல்லும் ஊழியர்கள் இருப்பார்கள். நாள் முழுக்க அந்த அறைகளிலேயே இருப்பவர்கள். எந்த நேரத்தில் எந்தச் சன்னலில் வெளிச்சம் நன்றாக விழும் என்று அவர்களைக் கேளுங்கள். வேறு யாருக்கும் அது தெரியாது. தோளுக்குப் பின்னால் நின்று ‘அண்ணே, இது எந்தத் தூணு?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள்.

வரைவதற்கு முன் எவ்வளவு வரலாறு படிக்க வேண்டும்?

அரண்மனை 1601 வாக்கில் கட்டத் தொடங்கப்பட்டது என்பதும், அப்போது இந்த இடம் கல்குளம் என்பதும், மார்த்தாண்ட வர்மா பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அதை விரிவாகப் புதுப்பித்தார் என்பதும் தெரிந்தால் தொடங்கப் போதும். மற்றதை வரைந்த பிறகு படியுங்கள். உப்பரிக்கை மாளிகையில் பல மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்த கட்டில் ஒன்று இருக்கிறது; டச்சு வணிகர்கள் கொடுத்தது என்பார்கள். அதன் கால்களையும் சட்டத்தையும் சுற்றியுள்ள மரவேலையோடு ஒப்பிட்டு வரைந்தவருக்கு, அது அந்த அறைக்கு வெளியிலிருந்து வந்த பொருள் என்பது படிக்காமலே தெரிந்துவிடும். அதன் பிறகு 1741-ன் குளச்சல் போரையும் டச்சுக்காரர்களையும் பற்றிப் படித்தால் ஒவ்வொரு வரியும் மனதில் நிற்கும்.

தக்கலை வரை போக முடியாதவர்கள் எங்கே பழகலாம்?

சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். செட்டிநாடு, கேரளம் உள்ளிட்ட பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அங்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. வெளிச்சம் தாராளம், உட்கார இடமும் உண்டு. முதல் படத்துக்குப் பத்மநாபபுரத்தைவிட அது சுலபமான இடம். திண்ணை, நடை, முற்றம் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும்படி செட்டிநாட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து, முற்றத்து வெளிச்சம் தூண்களில் எப்படிப் படிப்படியாக இறங்குகிறது என்பதை மட்டும் வரைந்து பாருங்கள்.

உங்கள் ஊரில் ஓட்டு வீடோ பழைய சத்திரமோ இன்னும் நிற்கிறது என்றால், வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து தொடங்கலாம்.